போஸ்டரில் கண் முதலில் எங்கே போகிறது?

பள்ளி, கல்லூரி அறிவியல் கண்காட்சிக் கூடத்தில் ஒரு சுற்று வந்து பாருங்கள். நன்றாக உழைத்த பிள்ளைகளின் போஸ்டர் முன்னால் பல நேரம் யாருமே நிற்கமாட்டார்கள். உள்ளே விஷயம் இருக்கும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்று பிடிபடாமல் கண் நழுவி அடுத்த மேசைக்குப் போய்விடும். நடந்துகொண்டே பார்ப்பவர் ஒரு போஸ்டருக்குச் சில நொடிதான் ஒதுக்குவார். அந்தச் சில நொடியில் கண்ணில் என்ன பட வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால், போஸ்டரில் உள்ள வேறு ஏதாவது ஒன்று முந்திக்கொள்ளும். பெரும்பாலும் அது கல்லூரி முத்திரையாகவோ ஓரத்தில் போட்ட பூ பார்டராகவோ இருக்கும்.

வடிவமைப்பு என்றதும் எல்லாரும் அழகுபடுத்துவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதன் முதல் வேலை வரிசை போடுவது: முதலில் இது, அடுத்து இது, நேரம் இருந்தால் இதையும் பாருங்கள். அளவு, நிறம், இடைவெளி, நேர்கோடு எல்லாமே அந்த வரிசையைக் கண்ணுக்குச் சொல்லும் கருவிகள். வரிசை சரியாக அமைந்துவிட்டால் அழகு பாதி தானாகவே வந்துவிடும்.

விதிகளை வெறுமனே அடுக்கினால் மனதில் நிற்காது. ஒரே ஒரு போஸ்டரை எடுத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திப் பார்க்கலாம்.

கடலோர ஊர் ஒன்றில் பிளஸ் ஒன் படிக்கும் மாணவி, தன் தெருவில் உள்ள 10 போர்களிலிருந்து (ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து) தண்ணீர் பிடித்து, கையடக்க டிடிஎஸ் மீட்டரால் அளந்தாள் என்று வைத்துக்கொள்வோம். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலான பொருள்களின் மொத்த அளவு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-ல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. நம் மாணவிக்குத் தெருவின் மேற்குக் கோடியிலிருந்து கடல் பக்கமாகக் கிடைத்த எண்கள் இவை: 310, 380, 450, 540, 620, 760, 980, 1240, 1530, 1850. பத்தில் ஏழு 500-ஐத் தாண்டிவிட்டன. கடலை நெருங்க நெருங்க அளவு ஏறுகிறது. அருமையான கண்டுபிடிப்பு!

இப்போது அவள் முதலில் செய்த போஸ்டரைப் பாருங்கள். மேலே பட்டையாகப் பள்ளியின் பெயர், இரு பக்கமும் முத்திரை. அதற்குக் கீழே நிழல் விழுந்த எழுத்தில், ‘ஆழ்துளைக் கிணற்று நீரின் மொத்தக் கரைதிடப் பொருள்கள் பற்றிய ஓர் ஆய்வு’ என்று தலைப்பு. முன்னுரை, நோக்கம், செய்முறை, முடிவுரை என்று நான்கு பெட்டி, நான்கும் நான்கு நிறம். நடுவில் பத்து வரி அட்டவணை. ஆறு புகைப்படம். பின்புலத்தில் நீர்த்துளிப் படம், அதன் மேல் மஞ்சள் எழுத்து. ‘ஏழு கிணறு எல்லை தாண்டிவிட்டது’ என்ற சேதி, முடிவுரைப் பெட்டியின் மூன்றாவது வரியில் மறைந்துகிடக்கிறது.

இதில் உழைப்புக்குக் குறைவே இல்லை. எல்லாமே ஒரே குரலில் ஒரே நேரத்தில் பேசுகின்றன, அதுதான் சிக்கல்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

கணினியைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பார்ப்பவர் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார் என்றால், அது எதுவாக இருக்க வேண்டும்? ஒரு தாளில் எழுதுங்கள். நம் மாணவிக்கு அது இப்படி இருக்கலாம்: ‘எங்கள் தெருவில் 10 போர்களில் 7-ல் உப்பு அளவு எல்லை தாண்டிவிட்டது.’ பழைய தலைப்பு இருந்த இடத்தில் இதைப் போட்டுவிடலாம். ‘பற்றிய ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகள் எதை ஆராய்ந்தார்கள் என்பதைச் சொல்லும், என்ன தெரிந்தது என்பதைச் சொல்லாது. ஆசிரியர் அந்தப் பழைய தலைப்பு இருந்தே ஆக வேண்டும் என்றால் சிறிய எழுத்தில் கீழே போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

2019-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மைக் மாரிசன் இதையே கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னார். ஆராய்ச்சி மாநாட்டுப் போஸ்டரின் நடுவில் கண்டுபிடிப்பை எளிய சொற்களில், பெரிய எழுத்தில் ஒரே வாக்கியமாகப் போடுங்கள். மற்ற விவரங்களை ஓரத்தில் ஒதுக்குங்கள். முழுக் கட்டுரை வேண்டுமென்பவருக்கு ஒரு க்யூஆர் கோடு வையுங்கள் என்றார். அவர் போட்ட யூடியூப் வீடியோ பரவி, பல நாட்டு மாநாடுகளில் அந்த மாதிரிப் போஸ்டர்கள் தொங்கின. எல்லாத் துறைக்கும் அது பொருந்தாது, வரைபடம்தான் உயிர் என்ற துறையில் நடுவில் வாக்கியம் வைத்தால் வரைபடத்துக்கு இடம் போய்விடும் என்று எதிர்ப்பும் வந்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் ‘சேதியை முதலில் சொல்’ என்ற பகுதியை நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

வாக்கியம் கிடைத்துவிட்டது. இனி அது எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்? போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து. கூடத்தில் பத்தடி தள்ளி நடந்துபோகிறவர் படிக்க வேண்டும் என்றால் தலைப்பு எழுத்து ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்க வேண்டும். 72 பாயிண்ட் ஓர் அங்குலம்தான், ஆனால் அந்த அளவில் எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள இடமும் சேர்ந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து அதைவிடச் சிறிதாக இருக்கும். எனவே 594 க்கு 841 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ1 தாளில் தலைப்புக்கு 100 பாயிண்டை ஒட்டி வைக்கலாம். உள் தலைப்புக்கு 44, உரைக்கு 28, படத்தின் கீழே எழுதும் குறிப்புக்கு 18.

இந்த எண்களைவிட அவற்றுக்கு இடையே உள்ள தூரம் முக்கியம். உரை 28, உள் தலைப்பு 32 என்று வைத்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தாலும் ஏதோ தவறுதலாக மாறிப்போயிருக்கிறது என்றே தோன்றும். வேறுபடுத்துவது என்று முடிவு செய்தால் துணிந்து வேறுபடுத்துங்கள். ஒவ்வொரு படியும் முந்தியதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருந்தால் கண் தயங்காது.

தமிழ் எழுத்துக்கு என்று சில

வடிவமைப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் அநேகமாக ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அதை அப்படியே தமிழுக்கு எடுத்தால் சில இடத்தில் இடிக்கும்.

ஆங்கிலத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்ட முழுதும் பெரிய எழுத்தில் போடலாம், சாய்வெழுத்தில் போடலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. சாய்வெழுத்தும் நமக்கு இயல்பானதல்ல. கணினி எழுத்தை அப்படியே ஒரு பக்கமாகச் சரித்துவிடும், அவ்வளவுதான். வளைவு வளைவாக உள்ள ‘ஞ’, ‘ண’, ‘இ’ எல்லாம் விழப்போவதுபோல் நிற்கும். ஆகவே தமிழில் அழுத்தம் கொடுக்க அளவு, கனம், நிறம், சுற்றிலும் இடம் என்ற நான்கை நம்பித்தான் இருக்க வேண்டும்.

கனத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில எழுத்துருக்களில் தடித்த வடிவமே செய்யப்பட்டிருக்காது. நீங்கள் ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால் மென்பொருளே கோட்டைத் தடியாக்கிக் காட்டும். அப்போது ‘ணை’, ‘ஞா’ போன்றவற்றின் உள்ளே இருக்கும் சுழி அடைபட்டு மைக்கறை மாதிரி ஆகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் போன்ற எழுத்துருக்களில் மெல்லிய வடிவம் முதல் தடித்த வடிவம்வரை தனித்தனியாக வரைந்தே வைத்திருக்கிறார்கள். கேட்டமரானில் ஒன்பது கனம் உண்டு. அதற்காக ஒன்பதையும் பயன்படுத்தத் தேவையில்லை. ஒரே எழுத்துருவில் சாதாரணம் ஒன்று, தடித்தது ஒன்று, அது போதும். மிஞ்சிப்போனால் தலைப்புக்கு மட்டும் இன்னொரு எழுத்துரு.

அடுத்தது வரி இடைவெளி. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் (‘லி’, ‘லீ’யின் மேல்வளைவு) ஏறும், கீழே ‘கு’, ‘மூ’, ‘ழு’ என்று வால்கள் இறங்கும். மென்பொருள் தானாகத் தரும் இடைவெளியில் விட்டால் சில எழுத்துருக்களில் மேல் வரியின் வால் கீழ் வரியின் ‘லீ’யில் போய் உட்காரும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி இடைவெளி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பக்கம் மூச்சு விடத் தொடங்கிவிடும்.

நம் சொற்கள் நீளமானவை. ‘பயன்படுத்தப்பட்டிருக்கிறது’ என்று ஒரு சொல் வந்தால் குறுகிய பத்தியில் பாதி வரி காலி. இரு ஓரமும் நேராக வர வேண்டும் என்று உரையை இழுத்துப் பிடித்தால், மீதி இரண்டு மூன்று சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். நாளிதழ்களின் குறுகிய பத்திகளில் இதை நிறையவே பார்க்கலாம். போஸ்டரில் இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே மேல். வரிக்கு ஏழெட்டுச் சொல் வருகிற அகலம் படிக்கச் சுகமாக இருக்கும். கூடவே, ‘பயன்படுத்தப்பட்டிருக்கிறது’ என்பதை ‘பயன்பட்டது’ என்று மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். வாக்கியத்தைச் சுருக்குவதும் வடிவமைப்பில் சேர்த்திதான்.

பக்கத்தில் இருந்தால் சொந்தம்

இந்த இரண்டு வரியைப் பாருங்கள்:

● ● ● ● ● ●

● ●     ● ●     ● ●

இரண்டிலும் ஆறு புள்ளிகள்தான். மேலே உள்ளதை ஒரு வரிசை என்பீர்கள், கீழே உள்ளதை மூன்று ஜோடி என்பீர்கள். யாரும் கோடு போட்டுப் பிரிக்கவில்லை, வெறும் இடைவெளிதான் பிரித்தது. ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923-ல் வெளியிட்ட கட்டுரையில் இதுபோன்ற புள்ளிகளையும் கோடுகளையும் வைத்தே, நம் கண் எவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்துப் பார்க்கிறது என்று விளக்கினார். அருகருகே இருப்பவை ஒன்றாகத் தெரியும், ஒத்த நிறமும் வடிவமும் உள்ளவை ஒன்றாகத் தெரியும், ஒரே கோட்டில் தொடர்பவை ஒன்றாகத் தெரியும். கெஸ்டால்ட் உளவியல் என்று பெயர். இன்று வடிவமைப்புப் பாடத்தில் சொல்லித்தரும் பாதி விஷயத்துக்கு வேர் அங்கேதான்.

நம் மாணவியின் போஸ்டருக்கு வருவோம். அவள் நான்கு பெட்டிக்கும் கறுப்புக் கட்டம் கட்டியிருந்தாள். உள்ளே எழுத்து கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் தாராளமாக இடம். இதைத் தலைகீழாக்க வேண்டும். கட்டங்களை அழித்துவிடலாம். உள் தலைப்பை அதன் பத்தியோடு நெருக்கமாகவும், முந்தைய பத்தியிலிருந்து நன்றாகத் தள்ளியும் வைத்தால் போதும், எது எதனுடையது என்று கண்ணுக்குத் தானாகத் தெரியும். மாணவர்கள் செய்யும் போஸ்டர்களில் உள் தலைப்பு பெரும்பாலும் இரண்டு பத்திக்கும் சரிநடுவில் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். ‘என்டர்’ பொத்தானை மேலேயும் ஒரு தடவை கீழேயும் ஒரு தடவை தட்டியதன் விளைவு.

ஆறு புகைப்படத்துக்கும் இதே கதி. மீட்டரின் படம் செய்முறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கிணற்றின் படம் முடிவுக்குப் பக்கத்தில். எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே வரிசையாக ஒட்டினால் அது புகைப்பட ஆல்பம். மாணவி தண்ணீர் பிடிக்கும் படம் ஒன்று, மீட்டரின் திரை தெளிவாகத் தெரியும் படம் ஒன்று, இரண்டு போதும். ஆசிரியரோடு நின்று எடுத்த குழுப்படத்தை வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

இடைவெளியில் ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொண்டால் நல்லது: தாளின் ஓரத்தில் விடும் இடம்தான் மிக அதிகம், பத்திக்கும் பத்திக்கும் நடுவே அதைவிடக் குறைவு, ஒரு பத்திக்குள் வரிகளுக்கு நடுவே அதையும்விடக் குறைவு. ஏ1 தாளில் ஓரத்தில் நான்கு செண்டிமீட்டர், பத்திகளுக்கு நடுவே இரண்டரை என்று தொடங்கலாம். ‘இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே’ என்று கை அரிக்கும். இன்னொரு கிளிப் ஆர்ட்டைக் கொண்டுவந்து அதில் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். தலைப்பைச் சுற்றி ஒன்றும் இல்லாததால்தான் தலைப்பு தெரிகிறது.

எல்லாவற்றையும் நடுவில் வைக்கும் பழக்கம்

நமக்குக் கல்யாணப் பத்திரிகை பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் ஊறிவிட்டது: எதுவாக இருந்தாலும் நடுவில் வை. பத்திரிகையில் அது பொருத்தம்தான். அங்கே ஒவ்வொரு வரியும் சிறியது, தனித்தனிச் செய்தி. மணமகன் பெயர் ஒரு வரி, மண்டபம் ஒரு வரி. ஆனால் ஆறு வரிப் பத்தியை நடுவில் வைத்தால் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கும். வரி முடிந்து திரும்பும் கண் அடுத்த வரியின் தலையை ஒவ்வொரு தடவையும் தேட வேண்டும்.

இடது ஓரமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, தலைப்பு, உள் தலைப்பு, உரை, படம் எல்லாவற்றையும் அதில் தொடங்கச் செய்யுங்கள். தாளை மேலிருந்து கீழாக மூன்று சம பத்தியாகப் பிரித்துக்கொண்டால் அப்படிப்பட்ட கோடுகள் இன்னும் கிடைக்கும். வரைபடம் இரண்டு பத்தி அகலம் எடுத்துக்கொள்ளலாம், செய்முறைக்கு ஒரு பத்தி. ஆனால் எதுவும் ஒன்றே கால் பத்தி என்று நடுவில் துருத்தக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சுவிட்சர்லாந்தில் யோசெஃப் முல்லர்-புரோக்மன் போன்றவர்கள் இந்தக் கட்டக்கோட்டு முறையைக் கறாராகப் பின்பற்றினார்கள். 1950-களில் சூரிச் நகர இசை அரங்குக்கு அவர் செய்த கச்சேரிப் போஸ்டர்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். சில வடிவங்கள், கொஞ்சம் எழுத்து, மீதி வெற்றிடம். அதைப் பார்த்த கண்ணோடு நம் கண்காட்சிப் போஸ்டருக்குத் திரும்பினால் எதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று உடனே தோன்றும்.

கையால் சார்ட் பேப்பரில் எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து, எழுதி, பிறகு அழித்துவிடுங்கள்.

நிறம்: பிடித்ததும் தெரிவதும்

மஞ்சள் பிடிக்கும் என்பதற்காக வெள்ளைத் தாளில் மஞ்சளால் எழுத முடியாது. இதற்குக் கணக்கே இருக்கிறது. எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்புலத்தின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதத்தை எடுத்தால், வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1, அதற்கு மேல் எதுவும் இல்லை. இணையப் பக்கங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 இருக்க வேண்டும் என்கிறது. அது திரைக்குச் சொன்னது என்றாலும் அச்சுக்கும் நல்ல வழிகாட்டி. திரையில் பளிச்சென்ற மஞ்சளை வெள்ளை மேல் வைத்தால் வெறும் 1.07, எழுத்து இருப்பதே தெரியாது. பச்சை மேல் சிவப்பு 2.9, நீலம் மேல் சிவப்பு 2.15, எழுத்து தெரியும், ஆனால் ஓரங்கள் அதிர்வதுபோல் கண் கூசும். அதே மஞ்சள் மேல் கறுப்பை வைத்தால் 19-க்கும் மேல் போகிறது. டாக்ஸி, லாரிகளின் நம்பர் பிளேட்டில் இதைத் தினமும் பார்க்கிறோம்.

எனவே பின்புலத்தில் இருந்த நீர்த்துளிப் படம் போக வேண்டும். படத்தின் மேல் எழுதினால் ஒரு சொல் வெளிச்சமான இடத்தில் விழும், அடுத்த சொல் இருட்டில் விழும். எந்த நிறத்தில் எழுதினாலும் ஏதாவது ஓரிடத்தில் தோற்கும். அதைச் சமாளிக்கத்தான் எழுத்துக்கு வெள்ளை விளிம்பு, அதற்கு ஒரு நிழல் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஊர் முச்சந்தியில் நிற்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் அந்த ஜிகினாவுக்கு ஒரு வேலை இருக்கிறது: வாழ்த்தும் ஆட்கள் எத்தனை பேர், எவ்வளவு பெரியவர்கள் என்று காட்ட வேண்டும். உப்பு அளவைச் சொல்ல அது தேவையில்லை.

வெள்ளைப் பின்புலம், அடர்ந்த சாம்பல் அல்லது கறுப்பு எழுத்து, கூடவே ஒரே ஒரு நிறம். அந்த ஒரு நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும். நம் போஸ்டரில் அடர் ஆரஞ்சு என்றால் ‘500-ஐத் தாண்டியது’. தலைப்பில் உள்ள ‘7’ ஆரஞ்சு, வரைபடத்தில் அந்த ஏழு கிணறும் ஆரஞ்சு, வேறெங்கும் அந்த நிறம் கிடையாது. சொல்லித்தராமலே பார்ப்பவர் இரண்டையும் இணைத்துக்கொள்வார். நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று போகாதீர்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம்.

ஃபோனில் போஸ்டரைப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எது முக்கியம் என்று தெரிந்தால் உங்கள் நிறத்தேர்வு தப்பவில்லை.

அட்டவணையைப் படமாக்குவது

இந்தப் போஸ்டரின் உயிர் இங்கேதான். பத்து வரி அட்டவணையை யாரும் நின்று படிக்கமாட்டார்கள், படித்தாலும் ‘கடல் பக்கம் ஏறுகிறது’ என்பது தெரியாது. பத்து எண்ணையும் பத்துத் தூண்களாக்க வேண்டும்.

முதல் கேள்வி, எந்த வகை வரைபடம்? வட்ட வரைபடம் கூடாது. அது ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டுவது. பத்துக் கிணறு சேர்ந்து ஒரு முழுமை ஆவதில்லை. முப்பரிமாணத் தூணும் வேண்டாம். தூணுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உச்சி வந்துவிடும், எதை வைத்து அளவு பார்ப்பது என்று குழப்பம்.

வரிசை அடுத்தது. கிணறு 1, கிணறு 2 என்று அளந்த வரிசையிலேயே போட்டால் தூண்கள் ஏறி இறங்கிக் குதிக்கும். மேற்கிலிருந்து கிழக்கு, அதாவது கடலிலிருந்து மிகத் தள்ளி உள்ளது இடப்பக்கம், கடலோரம் உள்ளது வலப்பக்கம் என்று அடுக்குங்கள். தெருவே வரைபடத்தில் வந்துவிடும். தூண்கள் படிக்கட்டுபோல் ஏறும். வலது கோடியில் ‘கடல்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும், அலை படம்கூட வேண்டாம்.

செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். மென்பொருள் சில நேரம் தானாக 300-லிருந்து தொடங்கிவிடும். அப்படி விட்டால் 310 உள்ள கிணற்றின் தூண் உயரம் 10, 1850 உள்ளதன் உயரம் 1550. உண்மையில் ஆறு மடங்காக இருப்பது கண்ணுக்கு 155 மடங்காகத் தெரியும். பார்ப்பவரை நீங்கள் ஏமாற்ற நினைத்திருக்கமாட்டீர்கள், ஆனால் படம் ஏமாற்றிவிடும். கண்காட்சி நடுவர் யாராவது கவனித்தால் உழைப்பெல்லாம் வீண்.

500-க்கு நேராகக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு இழுத்து, கோட்டின் மேலேயே ‘ஏற்கத்தக்க எல்லை 500’ என்று எழுதுங்கள். கோட்டுக்குக் கீழே முடியும் மூன்று தூண்கள் சாம்பல், மற்ற ஏழும் ஆரஞ்சு. ஒவ்வொரு தூணின் தலையிலும் அதன் எண். இதைச் செய்த பிறகு பின்னால் உள்ள குறுக்குக் கோடுகள், இடது அச்சின் எண்கள், ஓரத்தில் எந்த நிறம் எதற்கு என்று விளக்கும் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். யாருக்கும் அவை தேவைப்படாது.

எடுத்துவிடும் துணிச்சலுக்கு ஒரு பெரிய உதாரணம் லண்டன் சுரங்க ரயில் வரைபடம். ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-ல் அதை வரைந்தார். அதற்கு முன் இருந்த படங்கள் ரயில் பாதையை ஊரின் நிஜப் புவியியல்படி காட்டின. நகர மையத்தில் நிலையங்கள் நெருக்கியடித்தன, புறநகர்க் கோடுகள் தாளுக்கு வெளியே ஓடின. பெக் தூரத்தையும் வளைவுகளையும் தூக்கி எறிந்துவிட்டு, நெடுக்கு, குறுக்கு, 45 பாகைச் சாய்வு என்று மட்டும் கோடு போட்டார். நிலத்தடியில் பயணம் செய்கிறவருக்கு எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்று தெரிந்தால் போதும் என்பது அவர் வாதம். நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. 1933-ல் அச்சிட்டுக் கொடுத்ததும் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் லண்டனில் அதன் வாரிசுதான் புழக்கத்தில் இருக்கிறது. பெக் விட்டுவிட்டவற்றில் எதுவும் பொய் இல்லை, அந்தப் பயணிக்கு வேண்டாதது, அவ்வளவுதான்.

நம் மாணவியும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். மீட்டரின் மாடல் எண் போஸ்டரில் வேண்டுமா? வேண்டாம், குறிப்பேட்டில் இருக்கட்டும். எந்தத் தேதியில் அளந்தாள்? அது வேண்டும், மழைக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து எண் மாறும். பள்ளி முத்திரை? ஒன்று போதும், கீழே வலது மூலையில்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

எல்லாம் சரியாக அமைந்த கோப்பு அச்சகத்தில் போய்க் கெட்டுப்போவது நம் ஊரில் சகஜம். யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்தில் செய்த கோப்பைப் பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு கழன்றுகொள்ளும். ‘கெ’ என்பதில் ‘க’ முன்னால் வந்து கொம்பு பின்னால் நிற்கும். பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருவில் செய்தால், அது இல்லாத கணினியில் தமிழ் முழுதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஆகவே யூனிகோடிலேயே செய்து, பிடிஎஃப் ஆக மாற்றி, எழுத்துருவும் அதனுள்ளேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். கடைக்காரர் ‘கோரல்டிரா ஃபைல் இருக்கா?’ என்று கேட்பார். பிடிஎஃப் போதும் என்று சொல்லுங்கள்.

புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும். அச்சில் எட்டு அங்குல அகலம் வர வேண்டிய படத்துக்கு, அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தாலும் 1200 புள்ளி அகலமாவது இருக்க வேண்டும்.

கடைசியாக, ஏ1-ல் காசு போடும் முன் அதே கோப்பை ஏ4 தாளில் ஒரு பிரதி எடுங்கள். ஏ1 என்பது எட்டு ஏ4 சேர்ந்த அளவு. நீள அகலத்தில் பார்த்தால் ஏறக்குறைய 2.8 மடங்கு. உங்கள் 28 பாயிண்ட் உரை ஏ4-ல் சுமார் 10 பாயிண்டாகத் தெரியும், அதாவது வழக்கமான புத்தக எழுத்தளவு. அதைக் கையில் பிடித்து வசதியாகப் படிக்க முடிந்தால் பெரிய தாளிலும் சிக்கல் இருக்காது. பிறகு அந்தத் தாளை மேசையில் வைத்து எழுந்து நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எழுத்தெல்லாம் மங்கிவிடும். அப்போதும் ஒரு தலைப்பும், வலப்பக்கம் ஏறிப்போகும் ஏழு ஆரஞ்சுத் தூணும் தெரிந்தால் கடைக்குப் போகலாம். முத்திரைதான் முதலில் தெரிகிறது என்றால் அதை இன்னும் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டு இன்னொரு பிரதி எடுத்துப் பாருங்கள்.